கல்லிற் பொறித்த பெயர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் முகப்பில் ஒரு சலவைக்கல் பதிக்கப்பட்டிருக்கின்றது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயர் அதிலே பெரிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கட்டடத்தின் திறப்பு விழாவில் நன்றியுரை கூறியவன் நான். "இம்மண்டபத்தைத் தந்த வள்ளல்" என்று அன்று அவரைப் போற்றினேன். அதனை நினைக்கும்பொழுது இன்றும் நாணமாயிருக்கின்றது.

கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளன் என்ற முறையில் நான் எழுதிய விண்ணப்பத்திற் கேட்டது மண்டபமன்று. ஊரின் கீழ்ப்பகுதிக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு. அப்பகுதிப் பெண்கள் குடமும் கையுமாக அரைக்கட்டை தூரம் நடந்துகொண்டிருந்தார்கள். கிணறு எவர் சொல்லால் மண்டபமாயிற்று என்பதை அறிய எமக்கு வழியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1974ஆம் ஆண்டில் இலங்கையிற் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் தொடங்கப்பட்டது. சிற்றூர்ப் பாலத்துக்கும் கிணற்றுக்கும் கொழும்பை நோக்கிக் காத்திருக்கும் நிலையை மாற்றுவது நல்ல நோக்கமே. ஆனால், வேலையைத் தெரிவதில் உறுப்பினரின் கை ஓங்கிய இடங்களில் மக்களின் வரிப்பணம் அவருடைய கொடையாகத் தோற்றங்கொண்டது.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்கக் கொங்கிரஸ் 2005இல், அலாஸ்காவில் ஏறத்தாழ 50 பேர் வாழ்ந்த தீவொன்றுக்குப் பாலமமைக்க 20 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. அதே ஆண்டிற் கன்னிங்ஹாம் என்ற உறுப்பினர் இலஞ்சம் பெற்றதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2011இல் அவ்வழக்கமே நிறுத்தப்பட்டது. எனினும், பணத்தைப் பங்கிடும் அதிகாரம் மறைந்துவிடவில்லை. அதிகாரிகளின் மேசைக்கு இடம் மாறியது. 2021இற் பிரதிநிதிகள் சபை அதனை மீண்டும் ஏற்றபொழுது நிபந்தனைகள் விதித்தது. அவ்வாண்டில் ஒருவர் பத்து வேலைகளுக்கு மேற் கேட்கலாகாது என்றிருந்தது. ஒவ்வொரு கோரிக்கையும் பகிரங்கமாக வெளியிடப்படல் வேண்டும். தமக்கோ குடும்பத்தினருக்கோ அதிற் பொருளாதார நலன் இல்லையென எழுத்தில் உறுதியளித்தல் வேண்டும். இலாபம் தேடும் கம்பனிகளுக்குப் பணமில்லை. ஊர்மக்களின் ஆதரவுக்குச் சான்று வேண்டும்.

நமக்கும் இவ்வழி உகந்ததே. ஊரார் கேட்டவையும், உறுப்பினர் தெரிந்தவையும், தள்ளப்பட்டவற்றின் காரணமும் பணம் ஒதுக்கப்படுமுன்பே பிரதேச சபைச் சுவரில் ஒட்டப்படட்டும். கல் நாட்டுவதாயின், பெயருக்குப் பதிலாகச் செலவுத் தொகையைப் பொறிக்கட்டும்.

அன்று மேடையில் நான் நன்றி கூறிக்கொண்டிருந்தபோது, கீழ்ப்பகுதிப் பெண்கள் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் சார்பில் நான் கேட்டிருக்க வேண்டியது கணக்கு.