ஆட்டுமயிரும் பட்டுக்கூடும்

வேளாண் வணிகத்தைத் தாராளமயமாக்கினால் எந்த நாடு எவ்வளவு பெறும், எது இழக்கும் என்று கணிக்கும் ஆய்வுகளில் பல ஒரே தரவுத்தளத்தை நம்பி நிற்கின்றன. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ஜிடேப் அது. அதன் பத்தாம் பதிப்பு உலகப் பொருளாதாரம் முழுவதையும் 65 துறைகளாகப் பகுக்கிறது. மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு இப்பக்கம் வந்த எனக்குச் சமன்பாடுகளுக்கு முன்பே கண்ணில் பட்டது இந்தப் பெயர்ப்பட்டியல்தான்.

நெல்லுக்குத் தனித்துறை உண்டு, கோதுமைக்கும் உண்டு. கேழ்வரகும் மக்காச்சோளமும் பார்லியும் 'பிற தானியங்கள்'. மிளகு, காபி, தேயிலை மூன்றும் 'பிற பயிர்கள்'. சற்றுக் கீழே ஒரு வரி: 'கம்பளி, பட்டுப்புழுக் கூடு'. ஆஸ்திரேலிய ஆட்டின் மயிரும் ராமநகரத்துச் சந்தைக்கு வரும் கூடும் இங்கே ஒரே பண்டம். கூட்டிலிருந்து இழுத்தெடுத்த கச்சாப் பட்டோ அங்கில்லை. அது 'ஜவுளி' என்னும் பெருந்துறைக்குள் பருத்தி நூலோடு கிடக்கிறது.

ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று மட்டும் சொல்லிப் பழகியவரும் தாய்மாமன் யார், சித்தப்பா யார் என்று நான்கு சொல் கூட்டி விளக்கிவிடலாம். மாதிரிக்கு அந்த வசதி இல்லை. அதில் பெயர் இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011 பிப்ரவரி 28 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கை, கச்சாப் பட்டின் மீதான சுங்க வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தறிகளுக்கு மலிவான நூல் வேண்டும் என்பது அதற்கான நியாயம். பொய்யான நியாயமும் அன்று. ஆனால் அவ்வாண்டு கர்நாடகத்தில் கூட்டு விலை கடுமையாகச் சரிந்தது. 2013இல் வரி 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இந்த ஏற்ற இறக்கத்தை மேற்சொன்ன மாதிரியில் ஓட்டிப் பார்க்க விரும்புபவர், 'ஜவுளி' முழுவதற்குமான சராசரி வரியை இம்மி அளவு அசைத்து, அதன் அதிர்வு ஆட்டுமயிரோடு கலந்த கூட்டை எவ்வளவு எட்டுகிறது என்று தேட வேண்டும். ஏறத்தாழ எதுவும் தெரியாது.

ஆர்மிங்டன் 1969இல் முன்வைத்த எடுகோள் இங்கே கைகொடுக்க வேண்டும். ஒரே பண்டமானாலும் வேறு வேறு நாட்டிலிருந்து வந்தால் வாங்குபவருக்கு அவை வேறு வேறு பொருள்கள் என்பது அது. பட்டுக்கு இது அழகாகவே பொருந்துகிறது. சீனத்து வெண்பட்டு சீரானது, பாவுக்கு ஏற்றது; நம் மஞ்சள் கூட்டின் நூல் பெரும்பாலும் ஊடைக்குப் போகிறது. ஒரே தறியில் இரண்டும் துணையாக ஓடும் இடமும் உண்டு, ஒன்று மற்றொன்றைத் தள்ளும் இடமும் உண்டு. ஜவுளி முழுமைக்குமான ஒற்றை நெகிழ்ச்சி எண் எதைச் சொல்லும்?

குடும்பத்தின் கதை இதைவிட மோசம். அடிப்படை மாதிரியில் ஒரு நாட்டுக்கு ஒரே பிரதிநிதிக் குடும்பம். நான் வசிக்கும் மர்பி டவுனில் திருமணப் பட்டு எடுக்கும் வீடு விலை குறைந்தால் ஆதாயம் காணும். சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ராமநகரத்தில் கூடு விற்கும் வீடு அதே விலையால் இழக்கும். மாதிரியில் இருவரும் ஒரே வீட்டார். ஆதாயத்தில் இழப்பைக் கழித்து மிச்சத்தை 'இந்தியாவின் நலன்' என்கிறோம். இழந்தவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார், வேலையின்மை கூடாது என்பதும் வழக்கமான எடுகோள். நட்டால் 15 ஆண்டு பலன் தரும் மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்குவதற்கு அதில் காலக்கணக்கே கிடையாது.

ஆகவே மாதிரிகளே வேண்டாம் என்போர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒரு வரிமாற்றம் கூடு, நூல், தறி, ஏற்றுமதி என்று சுற்றிவருவதை மனக்கணக்காகத் தொடர எவராலும் இயலாது. ஆனால் முழுத் தாராளமயத்தால் உலகம் பெறும் ஆதாயம் 2003இல் 832 பில்லியன் டாலர் என்றும் 2005இல் 287 பில்லியன் என்றும் உலக வங்கி ஆய்வுகளே கூறின. தரவும் எடுகோளும் மாறினால் விடை இவ்வளவு மாறும். தோஹா பேச்சுவார்த்தை மேடைகளில் எண் மட்டுமே ஒலித்தது.

செய்யக்கூடியது ஒன்றுண்டு: துறையைப் பிரிப்பது. இந்தியாவின் 2007–08 உள்ளீடு-வெளியீடு அட்டவணையில் 'பட்டு ஜவுளி' தனியாகவே இருக்கிறது. அதைக் கொண்டு ஜவுளியிலிருந்து பட்டைப் பிரித்துவிடலாம். கம்பளியிலிருந்து கூட்டைப் பிரிப்பதுதான் கடினம். கன்னடத்திலும் அது 'ரேஷ்மே கூடு'தான். இரு மொழியும் ஒரே சொல்லால் சுட்டும் பொருளுக்கு அட்டவணையில் ஒரு வரிசை தேடிக்கொண்டிருக்கிறேன். தருமபுரிச் சந்தையின் 2010–2014 கூட்டு விலைகளை யாரேனும் தொகுத்து வைத்திருந்தால் தெரிவியுங்கள்.