நாகைக் கடலைப் பார்க்க எந்த மாசம் வரலாம்?

பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்களும் பழக்கப்பட்டவங்களும் என்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இது. எங்க ஊர் கீழ்வேளூர் பக்கம். நாகப்பட்டினம் கடற்கரை பஸ்சுல அரை மணி நேரம். நான் வயக்காட்டுக்காரன்தான், கடல்காரன் இல்லை. ஆனா கடல்ல காத்து மாறினா அது எங்க பயிர்ல தெரியும். அந்த அளவுக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க.

நிறைய பேர் மே மாசம்தான் வர்றாங்க. பிள்ளைங்களுக்கு லீவு, வேற வழியில்லை. என் தங்கச்சி குடும்பமும் சென்னையிலேர்ந்து அப்பதான் வரும். அந்த நேரம் ஆத்துல மணல்தான் ஓடும். மேட்டூர் திறக்கிற வழக்கம் ஜூன் 12. அதுவும் அணையில தண்ணி இருந்தா. திறந்தாலும் கடைமடையில இருக்கிற எங்களுக்கு வந்து சேர இன்னும் பல நாள் ஆகும். வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்.

கடல் பக்கமும் அதே கதைதான். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும்னு விசைப்படகெல்லாம் கரையில நிக்கும். வலையைச் சரி பண்றதும் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறதும்தான் வேலை. சின்ன ஃபைபர் படகு மட்டும் போய் வரும். மீனும் கம்மி, விலையும் ஏறிடும். "கடல் ஊருக்கு வந்து கோழிக்குழம்பு சாப்பிடுறோமே மாமா"ன்னு தங்கச்சி மகன் சிரிப்பான்.

வெயில் காலத்துக்குன்னு இருக்கிற ஒரே காட்சி வேதாரண்யம் உப்பளம். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து அங்க உப்பு எடுத்ததும் ஏப்ரல் கடைசியிலதான்.

ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணித் திருவிழா. நேர்ச்சை உள்ளவங்க அப்ப வரட்டும். அமைதியா கடல் பார்க்கணும்னா அந்தப் பதினோரு நாளை விட்டுடுங்க.

ஐப்பசி, கார்த்திகையில மழை பார்க்க வரலாமான்னு சிலர் கேக்கிறாங்க. வரவேண்டாம்னு சொல்ல மாட்டேன். எங்க சம்பாவுக்கும் அந்த மழை வேணும். ஆனா வானிலை அறிக்கை கேக்காம கிளம்பாதீங்க. 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி கஜா புயல் எங்க கரையில ஏறுச்சு. எங்க கொல்லையில 14 தென்னை. விடிஞ்சு பார்த்தப்ப நின்னது 3. எங்கப்பா வச்ச மரம். அன்னிலேர்ந்து கார்த்திகையில காத்துச் சத்தம் கேட்டா வீட்டுல யாருக்கும் தூக்கம் வராது. நீங்க ஜன்னல்ல நின்னு பார்க்கிற மழையை நாங்க வரப்புல நின்னு பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசம்பர் லீவுல வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 26ஆம் தேதி கரைக்குப் போனீங்கன்னா சத்தம் போடாம இருங்க. 2004 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. அன்னைக்குக் கடல்ல பால் ஊத்தவும் பூ போடவும் ஜனங்க வருவாங்க.

என்னைக் கேட்டா, தை கடைசியும் மாசியும்தான். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. படகு கடலுக்குப் போய் வரும். அக்கரைப்பேட்டையில மீன் வந்து இறங்கும். கோடியக்கரைப் பக்கம் தையில போனா பூநாரைக் கூட்டம் பார்க்கலாம். எங்க வயல்ல சம்பா அறுப்பு நடக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்தும் பயறும் தெளிச்சிடுவோம். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவுல பச்சைப் பசேல்னு தெரியும். அதுக்குத் தண்ணி பாய்ச்ச மாட்டோம். மண்ணுல இருக்கிற ஈரமும் ராத்திரிப் பனியும்தான். பிள்ளைங்களுக்குக் காட்டவேண்டிய காட்சி அது.

கார்ல வர்றவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க. அப்ப ரோட்டோரம் நெல்லு காயும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 2023 பிப்ரவரி தொடக்கத்துல அறுக்கிற நேரத்துல மழை கொட்டி, விளைஞ்ச கதிர் தண்ணியில சாஞ்சு முளைக்க ஆரம்பிச்சுது. ஆறு மாசப் பாடு, வெயில் அடிக்கிற நாலு நாள்ல நிக்குது. அதனால ரோட்டுல நெல்லைப் பார்த்தா எரிச்சல்படாம மெதுவா ஒதுங்கிப் போங்க. அங்க காவல் இருக்கிறவர்கிட்ட ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறேன்னு கேளுங்க, சந்தோஷமா நாலு வார்த்தை பேசுவார்.

லீவு கிடைக்காதுன்னு சொல்லுவீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினா சனிக்கிழமை விடியக்காலை வந்துடலாம், ஞாயிறு ராத்திரி திரும்பிடலாம். முடிஞ்சா மாசி மகத்துக்கு வாங்க. திருக்கண்ணபுரத்துப் பெருமாள், வயலுக்கு நடுவுல இருக்கிறவர், அன்னைக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். மீனவ ஜனங்க 'மாப்பிள்ளை வந்துட்டார்'னு எதிர்கொண்டு வரவேற்பாங்க. தாயார் அவங்க வீட்டுப் பொண்ணுன்னு ஐதீகம். நெல்லு வித்த காசு கையில வந்திருந்தா நாங்களும் அங்கதான் இருப்போம்.