கரியிற் பிறந்த ஒளி

கரி என்றதும் இருளும் மாசுமே நம் நினைவிற்கு வருவன. அக்கரியே, ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஏறக்குறைய பத்துக் கூறினும் குறைந்த அளவினதாய்ச் சிறுத்துவிடின், ஊதாக்கடந்த கதிர் பட்ட மாத்திரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர வல்லதாகின்றது.

இதனை எவரும் தேடிச் சென்று கண்டாரல்லர். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தார், மின்வில்லில் உண்டான புகைக்கரியினின்றும் கரிநுண்குழாய்களைத் தூய்மை செய்ய முயன்றகாலை, மின்புலத்தில் தனியே பிரிந்தோடிய ஒரு பகுதி ஒளிவிடக் கண்டனர். 2006-இல் கிளெம்ஸன் பல்கலைக்கழகத்து யா-பிங் சன் என்பாரும் அவர்தம் துணைவரும், அத்தகைய துகள்களைப் பாலிமராற் போர்த்தி ஒளியை மிகுவித்து, அவற்றிற்குக் 'கரிப்புள்ளி' என்னும் பொருள்படப் பெயரும் சூட்டினர். 2007-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் செய்ததே எம் மனத்திற்கு மிகவும் உகந்தது. மெழுகுவர்த்திச் சுடரின் புகைக்கரியை நைட்ரிக் அமிலத்திற் காய்ச்சி, பல நிறங்களில் ஒளிரும் துகள்களை அதனினின்றும் வேறு பிரித்தனர். விளக்குக்கரியிற் கண்மை கூட்டிய நம் பாட்டிமார் இதனைக் கேட்பின் என் சொல்வரோ!

சரீரத்தின் உட்புறத்தைப் படம்பிடிக்க விழைவோர் இத்துகளை நாடுவதற்குக் காரணம் உண்டு. முன்னரே வழங்கிய குவாண்டம் புள்ளிகள் பேரொளி உடையவை. ஆயினும் அவற்றுட் பல, காட்மியம் என்னும் நச்சு உலோகத்தால் ஆயவை. கரியோ அத்துணைக் கொடிதன்று. 2009-இல் கிளெம்ஸன் அறிஞர் சுண்டெலிகளின் உடலில் கரிப்புள்ளிகளைச் செலுத்தி, அவற்றின் ஒளியைப் படமாக்கினர். எனினும் ஓர் இடர். நீல ஒளியைக் குருதி விழுங்கிவிடுகின்றது. ஊதாக்கதிர் பட்டால் தசையும் தானே சிறிது ஒளிர்கின்றது. 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள செவ்வொளியும் அதனையடுத்த ஒளியுமே தசையினூடே ஓரளவு ஆழம் செல்ல வல்லன. ஆகவே குப்பியில் அழகு காட்டும் நீலம், உடலுள் அத்துணைப் பயன்படுவதன்று.

இதனினும் பெரிய ஐயமொன்று எம் பரிசோதனைச்சாலையிலேயே எழுந்தது. யாம் நால்வர், சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் நீரிற் கரைத்து வற்றக் காய்ச்சினோம். எஞ்சிய பழுப்புப் பொருளை மீண்டும் நீரிலிட்டு ஊதாக்கதிர் விளக்கின்கீழ்ப் பிடித்தபோது, அது இளநீலமாய்ச் சுடர்ந்தது. 'கரிப்புள்ளி' என்று குறிப்பேட்டில் எழுதுமுன், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் சவ்வுப்பையில் அதனை ஊற்றி, நீரில் ஓரிரவு தொங்கவிட்டோம். மறுநாட் காலையில் பையின் புறத்திருந்த நீரே மிகுதியாய் ஒளிர்ந்தது!

அங்ஙனமாயின் ஒளிர்ந்தது துகளோ, உடன் விளைந்த சிறு மூலக்கூறோ? சிட்ரிக் அமிலத்தோடு எத்திலீன்டையமீனைச் சேர்த்துச் செய்த புள்ளிகளில், ஒளியின் பெரும்பகுதி அவ்வாறானதொரு மூலக்கூற்றினதே என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சியும் காட்டியுள்ளது. இது வெறும் சொற்போர் அன்று. துகளின்மீது மருந்தை ஏற்றி உடலிற் செலுத்துகின்றனர் என்க. ஒளிர்வது வேறொன்றாயின், மருந்து ஓரிடத்தும் ஒளி ஓரிடத்துமாய் நிற்கும். படத்தை நம்பிய மருத்துவர் மருந்தில்லா இடத்தில் மருந்து இருப்பதாகக் கொள்வர். சிறு மூலக்கூறு சிறுநீரகத்தின் வழியே விரைந்து நீங்குவதைக் கண்டு, துகளே நீங்கிற்று என்று மகிழவும் கூடும்.

பையின் நீரைப் பன்முறை மாற்றினோம். புறத்து நீரில் ஒளி அற்ற பின்னரும் உள்ளிருப்பது மங்கலாய் ஒளிர்கின்றது. அதில் ஒரு துளியை மின்னணு நுண்ணோக்கியுள்ள நிலையத்திற்கு அனுப்பியிருக்கின்றோம். விடை இன்னும் வந்திலது.