ஜூன் வரைக்கும் பொறு!

2020 மே மாதம், ஊரடங்கு சமயம். ஆலங்காயத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

''தம்பி, பாப்பாவுக்கு காலேஜ் பாடமெல்லாம் போன்லதான் நடக்குது. லேப்டாப் வாங்கித் தரணும். சீட்டுப் பணம் இருக்கு. எது வாங்கலாம்?''

நான் படித்தது பி.காம். ஆனாலும் பத்திரிகைக்காரனுக்குத் தெரியாத விஷயம் உண்டா? ஆப்பிள் கம்பெனி, ஜூன் மாத டெவலப்பர் மாநாட்டில் இன்டெலைக் கைகழுவிவிட்டுச் சொந்த சிப்புக்கு மாறப் போகிறது என்று அப்போது ஒரே பேச்சு. புதுசு வந்தால் பழசு விலை இறங்கும் என்பது என் கணக்கு. ''ஜூன் வரைக்கும் பொறுக்கா'' என்றேன்.

வதந்தி பொய்க்கவில்லை. ஜூன் 22-ம் தேதி டிம் குக் அதையேதான் அறிவித்தார். ஆனால், அந்த மாநாடு புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு, கடைக்காரர்களுக்கு அல்ல. அந்த எம்1 சிப்போடு மேக்புக் ஏர் வந்தது நவம்பரில். விலை 92,900 ரூபாய்! வீட்டுக்கு வீடு லேப்டாப் தேடிய வருஷம் அது. மற்ற கம்பெனி விலையும் இறங்கவில்லை.

ஆலங்காயம், ஜவ்வாது மலையடிவாரம். பக்கத்தில் காவலூர் டெலஸ்கோப். நட்சத்திரம் தெரியும் அளவுக்கு அக்கா வீட்டில் டவர் கிடைக்காது. பாப்பா ஆறு மாதம் மொட்டைமாடி மூலையில் உட்கார்ந்து, உள்ளங்கை அகல ஸ்கிரீனில் பேலன்ஸ் ஷீட் படித்தாள்.

பொங்கலுக்குப் போனேன். கண்ணாடி போட்டிருந்தாள். ''நல்லாயிருக்கா மாமா?'' என்றாள் சிரித்தபடி.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தாள்.

இப்போது யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். என்றைக்குத் தேவையோ அன்றைக்கு வாங்குங்கள். வதந்தியை நான் படித்துக்கொள்கிறேன்.