தாத்தாவின் பிஸ்கட் டின்

என் தாத்தாவுக்கு வயது 71. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இன்னமும் சேலை விரித்துக் காட்டுகிறார். மருந்தியல் மாணவியான நான், பயிற்சிப் பாரத்தை நிரப்ப முதலில் அவரிடம்தான் போனேன்.

“பிரஷர் மாத்திரைய தினமும் சாப்பிடுறீங்களா தாத்தா?”

“சாப்பிடாம இருப்பேனாம்மா?”

முழு மதிப்பெண் போட்டேன்.

தீபாவளிக்கு வீடு துடைத்தபோது ஒரு பிஸ்கட் டின் கனத்தது. உள்ளே பிரிக்காத அட்டைகள். எல்லாம் ஹைட்ரோகுளோரோதயசைட், அதாவது நீர் மாத்திரை. அம்லோடிபினை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

“காலையில இதப் போட்டா அஞ்சு தடவ கழிவறைக்குப் போகணும். அது ரெண்டு கடை தள்ளி, மாடியில இருக்கு. சனிக்கிழமைக் கூட்டத்துல வாடிக்கையாள விட்டுட்டு ஓட முடியுமா? ராத்திரி போட்டா தூக்கம் போச்சு.”

அழுத்தம் இறங்காததால் கிளினிக்கில் அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். கணுக்கால் வீங்கியது. அம்மருந்தின் பக்கவிளைவு அது. நாங்களோ நாள் முழுக்க நிற்பதால்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்! நானும்தான், மூன்றாம் ஆண்டு மாணவி.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. தேர்வுக்கு மனனம் செய்திருந்தேன். கழிவறை எங்கே இருக்கிறது என்று என் பாரத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

அடுத்த தவணைக்கு நானும் போனேன். டின்னைத் தாத்தாவே மேசைமேல் வைத்தார். மருத்துவர் திட்டவில்லை. நீர் மாத்திரையை நிறுத்தி, அம்லோடிபினைக் குறைத்து, பெரிண்டோபிரில் சேர்த்தார். வறட்டு இருமல் வந்தால் உடனே சொல்லச் சொன்னார்.

இப்போது தாத்தா தொண்டையைச் செருமினாலே பாட்டி என்னை முறைக்கிறார்.