எட்டடிக்கு ஒரு தூண்

2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் வாழும் எம் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தோம். அடுக்களைக் கதவைத் திறந்ததும் கால் வைக்கத்தக்கதாகப் பின்புறத்திலே ஒரு பலகைத் தளம் அமைக்க அவன் எண்ணியிருந்தான். 'டெக்' என்பர் அங்கே. நம் ஊர்த் திண்ணைக்கு ஒருவகையில் உறவுதான். ஆனால் இது மண்ணிற் படியாது, தூண்களின்மேல் நிற்பது. எம் அன்னையாருக்கு அப்போது வயது எண்பது. வெயில் காய ஓரிடம் வேண்டுமென்று அவர் பலமுறை கேட்டிருந்தார். அடுத்த மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு அத்தளத்திலே நாற்பது பேர் கூடுவதென்றும் ஏற்பாடு.

தரையினின்று 60 சதமமீற்றருக்கு மேல் உயரும் தளத்துக்கு நகரசபையின் அனுமதி வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். கணித ஆசிரியரல்லவா நாம்! பென்சில் எம் கையில் வந்து சேர்ந்தது.

நீளம் 24 அடி, அகலம் 12 அடி. ஒரு பக்கத்தை வீட்டுச் சுவர் தாங்கும். மறுபக்கத்துக்கு உத்தரமும் தூண்களும் வேண்டும். எத்தனை தூண்?

"மூண்டு காணும் அண்ணை" என்றான் தம்பி. அவனுக்குக் குழி தோண்டும் கவலை. அந்நாட்டிலே மாரியில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்துத் தூணின் அடியையே மேலே தள்ளிவிடும். ஆகையால் உறைபனி எட்டாத நான்கடி ஆழத்துக்கு ஒவ்வொரு குழியும் இறங்கவேண்டும். பிள்ளைகள் கீழே விளையாட இடம் விசாலமாயிருக்குமென்று அவன் மனைவியாரும் அவன் பக்கமே.

நாம் இணங்கவில்லை. மூன்று தூணாயின் இடைவெளி 12 அடி; நான்காயின் 8 அடி. ஒரு தூண் கூடுவதால் அப்படி என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரே உத்தரம் ஒரே சீரான பாரத்தைச் சுமக்கையில், அதனை வளைக்கும் விசை இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. தொய்வோ நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 அடியை 8 ஆக்கினால் தொய்வு ஏறத்தாழ ஐந்திலொன்றாகிவிடும். எம் பாட்டனார் மாட்டுக் கொட்டிலுக்குப் பனை வளை ஏற்றியபோது இவ்வாய்பாட்டை அறிந்தவரல்லர்; எனினும் கப்புகளை நெருக்கியே நட்டார்.

நான்கு தூண் என்று முடிவாயிற்று. சதுர அடிக்கு ஆட்சுமை 40 இறாத்தல், தளத்தின் சொந்தப் பாரம் 10 இறாத்தல் எனக் கொண்டோம். மொத்தம் 14,400 இறாத்தல். பாதி சுவருக்கு, மீதி 7,200 உத்தரத்துக்கு. நான்கால் வகுத்துத் தூணுக்கு 1,800 என எழுதி, அதற்கேற்ற அகலத்திற் குழிகளைக் குறித்தோம். தம்பி இரண்டு குழிகளைத் தோண்டியும் முடித்தான்.

அன்று மாலை பதினைந்து வயதுப் பெறாமகள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, நடுத்தூண் ரெண்டு பக்கத்தையும் தாங்குதே! கடைசித் தூணுக்கு ஒரு பக்கம்தானே?" என்றாள்.

எமக்கு முகம் சுட்டது. எட்டடித் துண்டுகள் தூண்களின்மேற் பொருந்துகின்றன. ஒவ்வொரு துண்டின் பாரம் 2,400. அதன் பாதி ஒவ்வொரு முனைக்கும். ஆகவே ஓரத் தூணுக்கு 1,200. நடுத் தூணுக்கு 2,400. இருபதாண்டு காலம் கரும்பலகை முன்னே நின்ற நாம், கோயிற் பிரசாதம் பகிர்வதுபோலப் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்திருக்கிறோம்! நடுக்குழிகளின் அடிப்பரப்பு இன்னும் மூன்றிலொரு பங்கு கூடவேண்டும். தோண்டியிருந்த இரண்டில் ஒன்று நடுக்குழி. கொங்கிறீற்று இடுவதற்கு முன் தெரிந்ததே எம் நல்லூழ். தம்பி ஒன்றும் பேசாது மண்வெட்டியை எடுத்தான். நாமும் இறங்கினோம்.

பிறந்தநாளன்று நாம் ஊரில் இருந்தோம். தம்பி படம் அனுப்பினான். நாற்பது பேருக்கு மேலாக நிற்க, தளத்தின் நடுவிலே கதிரையில் அன்னையார் அமர்ந்திருந்தார். முகத்திலே வெயில். நாம் முதலிற் பார்த்தது அந்த முகத்தையன்று. பலகைக்குக் கீழே தெரிந்த இரண்டாந் தூணின் அடியை.