கூட்ஸ் வண்டியைப் படம் பிடிக்கிறேன்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு வருகிறவர்கள் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஹப்பாக் என்ற ஆங்கிலேயரின் வடிவமைப்பில் 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடம்தான் எல்லாருக்கும் வேண்டும். 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று செல்லப் பெயர் வேறு. கல்யாண ஜோடிகள்கூட அலங்காரத்தோடு வந்து நிற்பார்கள். நானோ அந்தக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆள். எனக்கு வேண்டியது சிமெண்ட் தூசி படிந்த சரக்கு ரயில்.

வாரத்தில் ஐந்து நாள் கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளர் வேலை. சனிக்கிழமை இடிஎஸ் பிடித்து, புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஞாயிறு விடிந்ததும் கேமரா பையைத் தூக்குவேன். "ஊடகத்துல பட்டம் வாங்கின புள்ள. கல்யாணத்துக்குப் படம் எடுத்தாலும் நாலு காசு வரும். கூட்ஸ் வண்டியை எடுத்து என்ன செய்யப் போறே?" என்று பெரியம்மா கேட்காத வாரம் இல்லை. சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொள்வேன்.

இந்தப் பொழுதுபோக்கில் முதலில் பழக வேண்டியது காத்திருப்பது. இடிஎஸ் எத்தனை மணிக்கு வரும் என்று செயலியில் பார்க்கலாம். சரக்கு ரயிலுக்கு அப்படி நமக்கென்று ஓர் அட்டவணை கிடையாது. எங்கள் புலனக் குழுவில் பணி ஓய்வு பெற்ற ஒரு மலாய் ஆசிரியர், கம்பாரில் படிக்கும் ஒரு சீன மாணவர், இன்னும் சிலர் இருக்கிறோம். 'பத்து காஜா தாண்டிவிட்டது, வடக்கே, 26, கண்டெய்னர்' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், மோட்டார் சைக்கிளை முடுக்க வேண்டியதுதான்.

அந்த 26 என்பது இன்ஜினின் வகை. 'புளூ டைகர்' என்று பெயர். 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து 20 இன்ஜின்கள் வாங்கினார்கள். இதே குடும்பத்து இன்ஜின் பாகிஸ்தானிலும் ஓடுகிறது. 29 என்றால் சீனாவின் டாலியன் நகரில் செய்தது. தலைக்கு மேல் மின்கம்பி போனாலும் சரக்கை இழுப்பது டீசல் இன்ஜின்தான். குரலை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால், கண்ணுக்குத் தெரியும் முன்பே காது சொல்லிவிடும். புளூ டைகர் அடித்தொண்டையில் முனகிக்கொண்டு வரும். டாலியன் கொஞ்சம் கரகரப்பு.

எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. தண்டவாளத்தின் அருகில் போகவே கூடாது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் 2014-இல் முடிந்தபோது வழி நெடுக வேலியும் வந்துவிட்டது. வேலி தாண்டுவது குற்றம், ஆபத்தும்கூட. இடிஎஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மேம்பாலமும் பாதசாரிப் பாலமும் போதும். செம்மோர் பக்கம் நின்றால் பின்னணியில் சுண்ணாம்புக் குன்றுகள் கிடைக்கும். அங்கே கந்தானில் அந்தக் குன்றை வெட்டித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். பின்னால் தெரியும் மலையே மாவாகிப் பெட்டியில் ஏறிப் போகும். காராயில் இன்னும் அழகு. பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறந்த விக்டோரியா பாலம் ஓய்வு பெற்று நிற்கிறது. பக்கத்திலேயே புதுப் பாலத்தில் ரயில் ஓடும்.

பெரியம்மாவின் கேள்விக்கு வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர். இன்று அந்தத் துறைமுகத்துக்குக் கோல செபெத்தாங் என்று பெயர். பாதை போட்டது ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். ஈயத்துக்குப் பிறகு ரப்பர். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வாரிசுகளுக்குப் பால் வெட்டத்தான் நம் முன்னோர்கள் கப்பல் ஏறினார்கள். ரயில் முதலில் சரக்குக்குத்தான் வந்தது. நாமும் சரக்கின் பின்னால்தான் வந்தோம்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறகு தோட்டத்தை விற்றுத் தாமான் கட்டினார்கள், நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். அப்போதெல்லாம் ரயில்வே கேட் உண்டு. கேட் போட்டால் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், எங்களுக்குக் கொண்டாட்டம். பெட்டிகளை எண்ணுவோம். நான் 31 என்றால் அண்ணன் 32 என்பான். பாட்டி மட்டும் எண்ண மாட்டார். கூட்ஸ் வண்டி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தம் பிடிக்கவில்லை போல என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

பாட்டிக்கு இப்போது 88 வயது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு, மடிக்கணினியில் படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இதுல கதவு எங்கடி?"

"இது கண்டெய்னர், பாட்டி. கதவு பின்பக்கம் இருக்கும்."

"அப்ப இது வேற வண்டி. அதுல கதவு நடுவுல. இழுத்துச் சாத்துவான்."

அன்று அவர் சொன்னதை வீட்டில் யாருமே முழுதாகக் கேட்டதில்லை. ஜப்பான்காரன் காலம், 1943. பாட்டிக்கு ஆறு வயது. ரப்பருக்கு விலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. சயாமில் வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித் தோட்டத்தில் பெயர் எழுதினார்கள். பாட்டியின் அப்பா பெயரும் அதில் இருந்தது. சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் கூட்ஸ் பெட்டியில் ஏற்றினார்கள். "கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி கையை இப்படி வச்சாரு. அவ்வளவுதான்" என்று உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் சயாம் மரண ரயிலைப் பற்றி ஒரு பத்தி படித்திருக்கிறேன். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தண்டவாளம் போதாமல் நம் நாட்டின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்தெடுத்தும் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம், அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். நம்மவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பட்டியல்கூட வைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாட்டியின் அப்பாவுக்கு ஒரு படம் இல்லை. இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. ஆடி அமாவாசைக்குப் படையல் போடும்போது ஒரு விளக்கு மட்டும் தனியாக எரியும். அது யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டால், "பெரியவருக்கு" என்று மட்டும் பதில் வரும்.

அந்த இரவுக்குப் பிறகு இரண்டு காரியங்கள் செய்கிறேன். ஒன்று, வேலைக்கு வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவியைப் பாட்டி முன்னால் வைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. எத்தனையோ பிரபலங்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன், இவ்வளவு கவனமாக மைக்கைப் பிடித்ததில்லை. இன்னொன்று, முன்பு இன்ஜினை மட்டும் குறி வைப்பேன், இப்போது கடைசிப் பெட்டி வரை எடுக்கிறேன். ஒரு ரயில் கடக்க அரை நிமிடம்தான் ஆகும். என்ன ஏற்றி வந்தது, எந்தத் திசையில் போனது என்று நாள் போட்டு எழுதி வைக்கிறேன். அன்று அந்த ஸ்டேஷனில் யாரும் எழுதி வைக்கவில்லையே.

அந்த வடக்குப் பாதை இன்றும் பரபரப்பாக இருக்கிறது. 2024 ஜூனில் 'ஆசியான் எக்ஸ்பிரஸ்' என்ற சரக்கு ரயில் சேவை தொடங்கியது. சிலாங்கூரில் கிளம்பி, ஈப்போ, பாடாங் பெசார், தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவின் சோங்சிங் வரை சரக்கு போகிறது. நமக்கும் தாய்லாந்துக்கும் ஒரே மீட்டர் அகலப் பாதை என்பதால் எல்லையில் பெட்டி மாற்ற வேண்டியதில்லை. அந்த வழியில் பான் போங்கும் வருகிறது. அன்று மனிதர்களை இறக்கிய ஊர். நெடுஞ்சாலையில் லோரிகள் குறைய வேண்டுமானால் சரக்கு ரயில் பெருகத்தான் வேண்டும். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாதை முன்பு என்ன சுமந்தது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், அவரிடம் ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'ஜப்பான் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க' என்று நேராகக் கேட்டால் வாய் வராது. ஒரு படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா உட்காருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை மட்டும் தட்டிவிடுங்கள்.

போன ஆடி அமாவாசைக்கு முன், சரக்கு ரயில் படம் ஒன்றைச் சட்டம் போட்டு விளக்குப் பக்கத்தில் வைக்கட்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன்.

"வேணாம். அது கொண்டுபோன வண்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெக்கே வர்ற வண்டி எதையாச்சும் எடுத்திருக்கியா?" என்று கேட்டார்.

எடுத்திருந்தேன். காராய்ப் பாலத்தில், வடக்கேயிருந்து வரும் கண்டெய்னர் ரயில். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.